சோறு, பருப்பு, கீரை, மோர்: குடியானவர் வீட்டுச் சைவச் சமையலைப் பற்றிய ஒரு பாடம்

கடன் வாங்கும்பொழுது வட்டியைக் கணக்கிடுகிறோம். விதை வாங்கும்பொழுது முளைப்பைச் சோதித்துப் பார்க்கிறோம். ஆனால் குடும்ப வரவில் பெரும் பகுதி எதில் செல்லுகின்றதோ அந்த ஆகாரத்தைக் குறித்து, கொடுத்த காசுக்குத் தக்க சத்து தேகத்தில் சேர்ந்ததா என்று கணக்குப் பார்ப்போர் சிலரே. வயிறு நிறைந்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். வயிறு நிறைவது ஒன்று, தேகம் வளர்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை அங்கத்தினர் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இது எவ்வளவு முக்கியமான விஷயம் என்பதற்கு ஒரு புள்ளி விவரம் போதும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேரும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேரும் இரத்த சோகை உள்ளவர்கள். பஞ்சமும் பட்டினியும் நீங்கிய பின்னரும் இந்நிலை நீடிக்கிறது. எனவே குறை ஆகாரத்தின் அளவில் மட்டும் இருப்பதன்று. ஆகாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும், சமைப்பதிலும், பங்கிடுவதிலும் இருக்கின்றது என்பது தெளிவு. இம்மூன்றையும் திருத்துவதற்குப் புதிய பண்டங்கள் எவையும் வேண்டியதில்லை. நம் அடுக்களையில் வழக்கமாக உள்ளவையே போதுமானவை.

1. அரிசி

நெல்லின் உமியை நீக்கினால் கிடைப்பது தவிட்டுத் தோலோடு கூடிய அரிசி. அதைத் தீட்டத் தீட்ட வெண்மை ஏறுகின்றது, சத்து இறங்குகின்றது. தையமின் என்னும் ஜீவசத்து, தீட்டாத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 0.27 மில்லிகிராம் உள்ளது. பச்சரிசியை ஆலையில் நன்கு தீட்டியபின் அது 0.05 அளவுக்குக் குறைந்து விடுகின்றது. புழுங்கலரிசியைத் தீட்டினாலோ 0.17 அளவு எஞ்சி நிற்கின்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்பொழுது தவிட்டிலுள்ள ஜீவசத்து நீரில் கரைந்து மணியின் உட்புறத்திற் சென்று தங்கி விடுவதே இதற்குக் காரணம்.

இச்சிறு வேற்றுமை ஒரு காலத்தில் உயிரையே வாங்கியது. ஜாவாத் தீவில் பணியாற்றிய எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியையே தின்று வந்த கோழிகள் கால் விளங்காமல் விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்தவுடன் அவை தேறுவதையும் 1890-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கண்டறிந்தார். இதற்காக 1929-ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மனிதர்க்கு வரும் பெரிபெரி என்னும் வியாதியும் இவ்வகையதே. பழைய சென்னை மாகாணத்தில் அந்த வியாதி, தீட்டிய பச்சரிசியை உண்ட வடபகுதித் தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில் மிகுந்தும், புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அரிதாகவும் இருந்ததை, 1930-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் குன்னூரிலிருந்த ஆகார ஆராய்ச்சிச் சாலையார் ஆராய்ந்து வெளியிட்டனர். அந்த ஆராய்ச்சிச் சாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 முதல் தேசிய ஆகார ஆராய்ச்சி நிலையம் என்னும் பொருள்படும் பெயருடன் விளங்கி வருகின்றது. நம் முன்னோர் நெல்லைப் புழுக்கிக் குத்தியது வெறும் வழக்கமன்று. ஒரு பெருந் தீங்கினின்றும் அவர்களைக் காத்த முறையாகும்.

அரிசியில் எஞ்சியிருக்கும் சத்தையும் நாம் அடுக்களையில் இழக்கிறோம். நீர் வெண்மை நீங்குமட்டும் நான்கைந்து முறை களைகிறோம். அதில் ஒரு பகுதி கரைந்து கழுநீர்ப் பானையில் விழுகின்றது. பிறகு நிறைய நீர் வைத்து வேகவிட்டுக் கஞ்சியை வடிக்கிறோம். மற்றொரு பகுதி அதனோடு போகின்றது. தவிடும் கழுநீரும் பசுவுக்கும், வடித்த கஞ்சி சாக்கடைக்கும், மாவுச் சத்து மட்டும் மனிதனுக்கும் என்றால், அந்த வீட்டில் நல்ல ஆகாரம் உண்பது தொழுவத்தில் நிற்கும் பசுவே ஆகும்.

ஆகவே கைக்கொள்ள வேண்டியவை இவை: (அ) கூடுமானவரை புழுங்கலரிசியையும், மிகுதியாகத் தீட்டாத அரிசியையும் வாங்குக. (ஆ) கல், தூசு நீங்க ஒன்று அல்லது இரண்டு முறை களைந்தால் போதும். (இ) அளந்த நீர் வைத்துக் கஞ்சி எஞ்சாமல் சமைக்கப் பழகுக. (ஈ) வடித்தே தீரவேண்டுமாயின், கஞ்சியில் சிறிது உப்பும் மோரும் கலந்து அன்றே பருகுக. அல்லது ரசத்திலும் குழம்பிலும் நீருக்குப் பதிலாகச் சேர்த்துக்கொள்க. (உ) பருப்பும் அரிசியும் விரைவில் வேகும் பொருட்டுச் சமையல் சோடா சேர்த்தலாகாது. அது தையமின் சத்தை அழிக்கும்.

2. பருப்பு

தசையையும் இரத்தத்தையும் வளர்ப்பது புரதச் சத்து. சைவ உணவினர்க்கு அதனை அளிப்பவை பருப்பு வகைகளும் பாலும் மோருமே. அரிசியிலும் புரதம் உண்டு. ஆனால் 100 கிராமுக்கு ஏறக்குறைய 8 கிராமே உண்டு. துவரம் பருப்பில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் உண்டு.

வேறொரு நுட்பமும் இங்கே அறியத்தக்கது. புரதம் என்பது ஒரே பொருளன்று. பல சிறு கூறுகள் சேர்ந்து அமைந்தது. அக்கூறுகளில் லைசின் என்பது அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் என்பது பருப்பில் குறைவு, அரிசியில் போதிய அளவு உண்டு. இரண்டையும் சேர்த்து உண்ணும்பொழுது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. கூட்டுறவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் அடுக்களையில் வேறில்லை. இட்டலியில் அரிசியோடு உளுந்தும், பொங்கலில் அரிசியோடு பயற்றம் பருப்பும், அடையில் பலவகைப் பருப்பும் சேர்வது இதனாலேயே மிகவும் பயனுடையதாகின்றது.

கோயமுத்தூர், ஈரோடு முதலிய கொங்கு நாட்டுப் பகுதிகளில் குடியானவர் வீடுகளில் செய்யப்படும் அரிசிப் பருப்புச் சோறு இவ்விஷயத்தில் யாவரும் பின்பற்றத்தக்கது. காட்டு வேலை மிகுந்த நாளில் குழம்பும் ரசமும் தனியே வைக்க நேரமில்லாதபொழுது ஒரே பானையில் இதைச் சமைத்து விடுவார்கள். ஐவருக்குச் செய்யும் முறை வருமாறு:

புழுங்கலரிசி 450 கிராம், துவரம் பருப்பு 150 கிராம் எடுத்து ஒன்றாகக் கழுவி, அளந்த நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கவும். அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு மூன்று பங்கு நீர் வேண்டும். பழைய அரிசியாயின் சற்று அதிகம் வேண்டும். பானையில் இரண்டு கரண்டி நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் விட்டு, கடுகு, சீரகம், மிளகு, இரண்டு வற்றல் மிளகாய், கறிவேப்பிலை தாளிக்கவும். உரித்த சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், நறுக்கிய தக்காளி இரண்டு ஆகியவற்றை அதில் வதக்கி, மஞ்சள் தூள் சேர்க்கவும். பிறகு அரிசியையும் பருப்பையும் ஊறிய நீரோடு ஊற்றி மூடி வேகவிடவும். நீர் பாதி சுண்டியபின் உப்புச் சேர்த்து, தணலைக் குறைத்துப் புழுங்கவிட்டு இறக்கவும். கொத்துமல்லித் தழையும், கிடைத்தால் ஒரு கரண்டி நெய்யும் மேலே சேர்க்கலாம்.

கணக்கைப் பார்ப்போம். 450 கிராம் அரிசியில் புரதம் ஏறக்குறைய 35 கிராம். 150 கிராம் பருப்பில் 32 கிராம். எடையில் நாலில் ஒரு பங்கேயான பருப்பு, புரதத்தில் ஏறக்குறையப் பாதியைத் தந்து விடுகின்றது. ஆளொன்றுக்கு 13 கிராமுக்குச் சற்று மேல் கிடைக்கின்றது. அதே 600 கிராமும் வெறும் அரிசியாகவே இருந்தால் ஆளுக்கு 9 கிராமே கிடைக்கும். கஞ்சி வடிவதுமில்லை, விறகும் ஒரு பானைக்கே செலவாகின்றது.

துவரம் பருப்பின் விலை ஏறும்பொழுது பருப்பையே நிறுத்திவிடுதல் தவறு. கொள்ளு விலை குறைந்தது. புரதத்தில் துவரைக்கு இணையானது. இரும்புச் சத்தில் அதனினும் மேலானது. 100 கிராம் கொள்ளை முதல் நாளிரவே ஊறவைத்து வேகவிட்டால், வெந்த நீரைக் கொண்டு ரசமும், மணியைக் கொண்டு சுண்டலோ துவையலோ செய்யலாம். ஓர் அடுப்பெரிப்பில் இரண்டு பதார்த்தங்கள் கிடைக்கும். இளைத்தவனுக்கு எள்ளும் கொழுத்தவனுக்குக் கொள்ளும் என்று சொல்லும் பழமொழியைக் கொண்டு, மெலிந்தோர்க்குக் கொள்ளு ஆகாது என்று சிலர் விலக்குகின்றனர். தசை வளர்ச்சிக்கு வேண்டிய சத்து அதில் நிறைந்திருப்பதால் அவ்வாறு விலக்குவதற்குக் காரணமில்லை. பச்சைப் பயற்றை முளைகட்டி உண்டால், முளையில் சி என்னும் ஜீவசத்து புதிதாக உண்டாகின்றது.

3. கேழ்வரகும் கம்பும்

சேலம், தருமபுரி ஜில்லாக்களில் கேழ்வரகுக் களியும், வறண்ட பிரதேசங்கள் பலவற்றில் கம்பங் கூழும் நெடுங்காலம் முக்கிய ஆகாரமாயிருந்தன. அரிசி எளிதிற் கிடைக்கத் தொடங்கியபின், கூழ் குடிப்பது ஏழைமைக்கு அடையாளம் என்னும் எண்ணம் பரவி, அத்தானியங்கள் ஒதுக்கப்பட்டன. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபின் நகரத்தார் அவற்றை அதிக விலை கொடுத்து வாங்குகின்றனர். விளைவிக்கும் குடும்பங்கள் அவற்றை உண்ணாதிருத்தல் விந்தையே.

கேழ்வரகு 100 கிராமில் சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய 364 மில்லிகிராம் உள்ளது; தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராமும் இல்லை. எலும்பும் பல்லும் வளர வேண்டிய குழந்தைகளுக்கும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இது மிகவும் ஏற்றது. கம்பில் அரிசியைவிடப் புரதமும் இரும்பும் மிகுதி. ஆயினும் இத்தானியங்களின் தோலிலுள்ள பைட்டிக் அமிலம் என்னும் பொருள் சுண்ணாம்பையும் இரும்பையும் பிடித்து நிறுத்தி, தேகத்தில் முழுதும் சேரவொட்டாமல் தடுக்கும். ஊறவைத்தலும், முளைகட்டுதலும், புளிக்கவைத்தலும் அத்தடையைக் குறைக்கின்றன. கூழைப் புளிக்கவைக்கும் வழக்கம் இதனால் பொருளுடையது.

கூழ் காய்ச்சும் முறை: கேழ்வரகு மாவு 300 கிராமை முதல் நாளிரவு நீரில் கரைத்து மூடிவைக்கவும். மறுநாள் ஒரு கைப்பிடி அரிசி நொய்யை நீரில் குழைய வேகவிட்டு, புளித்த மாவுக் கரைசலை ஊற்றி, கட்டி விழாமல் துடுப்பாற் கிளறவும். நனைத்த விரலால் தொட்டால் மாவு ஒட்டாத பதம் வந்தவுடன் உப்பிட்டு இறக்கி ஆறவிடவும். உண்ணும்பொழுது மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு பருகலாம். இது ஐவருக்குக் காலை ஆகாரமாகப் போதும்.

4. கீரை

கீரையைக் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. கிணற்றடியிலும் பாத்திரம் கழுவும் நீர் பாயும் இடத்திலும் ஒரு முருங்கை, ஓர் அகத்தி, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி இருந்தால் அந்த வீட்டில் ஆண்டு முழுதும் பச்சிலைக்குக் குறைவில்லை. முருங்கை இலை 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும், கண்ணொளியைக் காக்கும் கரோட்டினும், இரும்பும் உள்ளன. அகத்தியில் சுண்ணாம்புச் சத்து அதனினும் பன்மடங்கு அதிகம். ஏகாதசி விரதமிருந்தோர் மறுநாள் துவாதசியில் அகத்திக் கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. கீரையிலுள்ள இரும்பு இரத்தத்திற் சேர்வதற்கு நெல்லிக்காயிலுள்ள சி ஜீவசத்து உதவுகின்றது என்று இக்காலத்து ஆகார சாஸ்திரம் கூறுகின்றது. இந்தச் சேர்க்கையைத் துவாதசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் நாள்தோறும் கைக்கொள்ளலாம். நெல்லி இல்லாவிடில் கொய்யா அல்லது எலுமிச்சம் பழச்சாறு போதும். இதற்கு மாறாக, உணவோடும் உணவு முடிந்தவுடனும் தேயிலை நீர் அருந்தினால், அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைத் தடுத்துவிடும். உணவுக்கும் தேயிலைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கீரையை முதலில் கழுவிப் பின்பு நறுக்க வேண்டும். நறுக்கிய பின் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். வெந்த நீரைக் கொட்டலாகாது. முருங்கைக் கீரையாயின், 100 கிராம் பயற்றம் பருப்பை மலர வேகவிட்டு, ஆய்ந்த இலை நான்கு கைப்பிடியை அதிற் சேர்த்து, ஐந்து நிமிஷம் வெந்தவுடன் உப்பும் தேங்காய்த் துருவலும் இட்டு இறக்கிவிட வேண்டும். அரைக்கீரை, சிறுகீரை முதலியவற்றைப் பூண்டும் சீரகமும் சேர்த்துச் சட்டியில் வேகவைத்து மத்தினாற் கடையலாம். தாளிக்கும் ஒரு கரண்டி எண்ணெயை வீண் செலவு என்று எண்ணலாகாது. எண்ணெய் இல்லாமல் கரோட்டின் தேகத்தில் சேராது.

5. மோரும் பழைய சோறும்

வெண்ணெய் எடுத்த மோரில் கொழுப்பு மட்டுமே நீங்குகின்றது. புரதமும் சுண்ணாம்பும் அதிலேயே தங்குகின்றன. பி12 என்னும் ஜீவசத்து தானியத்திலும் பருப்பிலும் காய்கறியிலும் கிடையாது. மாமிசமும் முட்டையும் உண்ணாதவர்க்குப் பாலும் தயிரும் மோருமே அதற்கு வழி. ஆதலால் கறக்கும் பால் முழுவதையும் விற்றுவிடும் குடும்பங்கள் ஒரு பகுதியையாவது வீட்டுக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும். பாலும் மோரும் அறவே கொள்ளாதவர் வைத்தியரைக் கலந்து கொள்ளுதல் நலம்.

பழைய சோறு கோடையில் உழைப்பாளிக்கு உகந்தது. வியர்வையால் இழந்த நீரையும் உப்பையும் நீராகாரம் திரும்பக் கொடுக்கின்றது. ஆனால் சுத்தம் முக்கியம். சோறு ஆறியவுடன் சுத்தமான நீர் ஊற்றி மூடிவைக்க வேண்டும். நீர் ஊற்றாமல் நெடுநேரம் திறந்து கிடந்த சோற்றில் நச்சுக் கிருமிகள் பெருகும். அதைப் பின்னர் ஊறவைத்தும் சுடவைத்தும் சரிசெய்ய முடியாது. மறுநாட் காலையிலேயே உண்டுவிட வேண்டும். வெறும் ஊறுகாயோடு உண்பதைவிடத் துவையலோடும் மோரோடும் உண்பது மேல். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் யாவற்றிலும் உப்பு மிகுதி. நாளொன்றுக்கு ஆளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே தக்கதென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது.

6. ஒருநாள் ஆகாரமும் அதைப் பங்கிடுதலும்

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020-இல் வகுத்த அளவு. அதைப் பின்வருமாறு பெறலாம்:

காலை: 60 கிராம் கேழ்வரகு மாவிற் காய்ச்சிய கூழும், 100 கிராம் தயிரைக் கடைந்த மோரும் – 7 கிராம்.
பகல்: மேலே சொன்ன அரிசிப் பருப்புச் சோறும் கீரையும் – 13 கிராம்.
மாலை: 40 கிராம் கொள்ளுச் சுண்டல் – 9 கிராம்.
இரவு: 100 கிராம் அரிசிச் சோறும், 30 கிராம் பருப்பிட்ட குழம்பும், 100 கிராம் தயிரின் மோரும் – 17 கிராம்.

கடினமாக உழைப்போர் பசிக்குத் தக்கவாறு தானியத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

இனிப் பங்கீடு. பல வீடுகளில் ஆண்கள் முதலிலும், குழந்தைகள் பிறகும், சமைத்தவள் கடைசியிலும் உண்ணுகின்றனர். பருப்பின் கெட்டி முதலிலேயே முடிந்துவிடுகின்றது. கீரைச் சட்டி காலியாகின்றது. அடியில் நின்ற ரசத்தையும் எஞ்சிய சோற்றையும் கொண்டு அவள் வயிற்றை நிரப்புகிறாள். மாதந்தோறும் இரத்தத்தை இழப்பவளும், கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் இருவருக்காக உண்ண வேண்டியவளும் அவளே. முன்னர்க் கூறிய நூற்றுக்கு 53 என்னும் கணக்கில் இவ்வழக்கத்திற்கும் பங்குண்டு. பரிகாரம் எளிது. முதற் பந்தி பரிமாறுமுன்பே பருப்பிலும் கீரையிலும் மோரிலும் அவள் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடிவைக்க வேண்டும். இதை அவள் தானாகச் செய்துகொள்ளமாட்டாள். செய்யும்படி சொல்ல வேண்டிய கடமை வீட்டுத் தலைவனைச் சார்ந்தது. கடும் சோர்வும் மூச்சிரைப்பும் உள்ளவர் ஆகாரத்தை மட்டும் நம்பியிராமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

7. சங்கம் செய்யத்தக்கவை

1904-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், அங்கத்தினர் வீடுகளுக்கு மளிகைச் சாமான்களைக் கலப்படமின்றி நியாய விலைக்கு வழங்குவதையே தன் தொழிலாகக் கொண்டது. அடுக்களையைக் கவனிப்பது கூட்டுறவுக்குப் புதிய வேலையன்று. தமிழ்நாட்டில் பெரும்பாலான நியாய விலைக் கடைகளைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. அங்கே கிடைக்கும் துவரம் பருப்பை அங்கத்தினர் மாதந்தோறும் தவறாமல் வாங்குகின்றனரா என்பதைச் சங்கம் கவனிக்கலாம்.

ஆடிப் பட்டத்தில் விதைத்த துவரை தை மாதத்தையொட்டி அறுவடையாகும். அப்பொழுது விலை இறங்கியிருக்கும். அங்கத்தினர் தேவையைத் திரட்டி, முழுத் துவரையாக மொத்தத்தில் வாங்கி, செம்மண் கட்டிக் காயவைத்து உடைத்துக்கொண்டால், தரகும் இடைலாபமும் மிஞ்சும், வண்டும் அணுகாது. முருங்கைப் போத்துக்களை மழைக்கு முன் கொணர்ந்து வீட்டுக்கு ஒன்றாகப் பகிர்ந்து கொடுப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு வண்டியும் ஒருநாள் உழைப்பும் போதும்.

கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. தீட்டிய பச்சரிசியைவிடத் தீட்டிய புழுங்கலரிசியில் சத்து மிகுந்திருப்பதன் காரணம் யாது?
2. உங்கள் வீட்டில் நாளொன்றுக்கு எத்தனை கிராம் பருப்பு செலவாகின்றது? ஆளுக்கு எவ்வளவு?
3. கீரையோடு நெல்லிக்காய் உண்பதும், உணவோடு தேயிலை அருந்துவதும் இரும்புச் சத்தை எவ்வாறு பாதிக்கின்றன?
4. வடித்த கஞ்சி உங்கள் வீட்டில் எங்கே போகின்றது?
5. நேற்றிரவு உங்கள் வீட்டில் கடைசியாக உண்டவர் யார்? அவர் இலையில் பருப்பும் கீரையும் இருந்தனவா?

அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு வார காலம் வீட்டுப் பருப்பையும் கீரையையும் நிறுத்துப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அடுத்த மாதக் கூட்டத்திற்கு அக்குறிப்பைக் கொண்டுவரக் கோரப்படுகின்றனர். ஐந்தாம் வினாவுக்குரிய விடையை வீட்டிலுள்ள பெண்களைக் கேட்டே எழுதவேண்டும்.